சார்பெழுத்தும் சார்புநிகழ்ச்சியும்

தமிழ் கற்பிப்பவர்க்குக் கணக்கு வகுப்பில் என்ன வேலை என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானதே. யாப்பும் அணியும் நடத்துபவர் நிகழ்தகவைப் பற்றிப் பேசப் புகுந்தால், தச்சர் கொல்லன் உலைக்களத்தில் வந்து அமர்ந்ததுபோலத்தான் தோன்றும். ஆயினும் எந்த அறிவும் சொல்லின் வாயிலாக அன்றி மனத்துள் நுழைவதில்லை. சொல் விளங்காதவிடத்துச் சூத்திரம் மனப்பாடமாகும், அறிவாகாது. இந்த எண்ணமே என்னை அந்த வகுப்பின் வாயிற்படி வரை அழைத்துச் சென்றது.

தமிழ்வழிப் பள்ளிகளில் பயின்று வரும் முதலாண்டு மாணவர்க்குக் கல்லூரிப் பாடங்கள் தொடங்கும் நாளில் ஆங்கிலக் கலைச்சொற்கள் மலையெனக் காட்சியளிக்கும். அவர்களுக்கென நடைபெறும் இணைப்பு வகுப்புகளில், கலைச்சொற்களுக்குப் பொருள் விளக்கும் பணி சில ஆண்டுகளாக என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. புள்ளியியல் மாணவர்க்கு அவ்வாறு விளக்க நேர்ந்தபோதுதான் 'சார்ந்த நிகழ்ச்சிகள்', 'சாரா நிகழ்ச்சிகள்' என்னும் இரு தொடர்களையும் நின்று நோக்கினேன். நோக்க நோக்க, இவை கணக்குப் புத்தகத்தோடு நின்றுவிடும் செய்திகள் அல்ல, நம் நகரமும் நம் வீடும் நம் பிள்ளைகளின் எதிர்காலமும் இவற்றுள் அடங்கியுள்ளன என்று தெளிந்தேன். அத்தெளிவை மாணவ நண்பர்களோடும் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சீட்டுக்கட்டு அறியாத மாணவர்

நிகழ்தகவுப் பாடத்தில் முதலில் எதிர்ப்படும் இடர், கணக்கில் இல்லை, எடுத்துக்காட்டில் இருக்கிறது. 52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து இரண்டு சீட்டுகளை உருவுக என்று புத்தகம் தொடங்கும். நம் மாணவர்களுள் பலர் சீட்டுக்கட்டு நுழையாத வீடுகளிலிருந்து வருபவர்கள். இராணி எத்தனை, இஸ்பேடு எத்தனை என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலிருப்பது அவர்தம் பெற்றோர்க்கு மகிழ்ச்சியே. 1654ஆம் ஆண்டில் பாசுகல், பெர்மா என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் சூதாட்டப் பணயத்தைப் பங்கிடுவது பற்றி எழுதிக்கொண்ட மடல்களிலிருந்து இக்கணிதம் வளர்ந்தமையால், அந்தப் பிறப்பிடத்தின் வாசனை இன்றளவும் அதன் எடுத்துக்காட்டுகளில் தங்கிவிட்டது. வாசனையை நீக்கிவிட்டுப் பொருளை மட்டும் கொள்வது எப்படி என்பதே என்முன் நின்ற வினா.

ஆகவே சீட்டுக்கு மாற்றாகப் பேரீச்சம்பழத்தைக் கொண்டேன். ஒரு கிண்ணத்தில் 10 பழங்கள். 6 பழங்களில் கொட்டை உண்டு, 4 பழங்களில் கொட்டை நீக்கப்பட்டுள்ளது. நோன்பு திறக்கும் வேளையில் பாராமல் ஒன்றை எடுக்கிறோம். அது கொட்டையுள்ள பழமாக இருப்பதற்குரிய தகவு 10இல் 6. அதனை உண்டுவிட்டோம். இரண்டாவது பழமும் கொட்டையுள்ளதாக இருப்பதற்குரிய தகவு என்ன? மீண்டும் 10இல் 6 என்று சொல்லத் தோன்றும். ஆனால் கிண்ணத்தில் இப்போது இருப்பவை 9 பழங்கள். அவற்றுள் கொட்டையுள்ளவை 5. எனவே 9இல் 5. இரண்டும் கொட்டையுள்ளவையாக அமையும் தகவு, 10இல் 6ஐ 9இல் 5ஆல் பெருக்க வருவது. அதாவது 3இல் 1. முதலில் எடுத்த பழத்தை உண்ணாமல் கிண்ணத்திலேயே திருப்பி வைத்துக் கலக்கியிருந்தால் இரண்டாம் முறையும் 10இல் 6ஆகவே இருந்திருக்கும். பெருக்கினால் 100இல் 36 வந்திருக்கும்.

'திரும்ப வைத்தல்', 'திரும்ப வையாமை' என்று புத்தகம் கூறும் வேறுபாடு இவ்வளவே. தின்ற பழத்தைத் திருப்பி வைக்க முடியாது என்று சொன்னவுடன் வகுப்பு சிரிக்கும். சிரிப்போடு பொருளும் உள்ளே இறங்கும். தஸ்பீஹ் மணியை உருட்டும்போது மணி குறைவதில்லை. அது சாரா நிகழ்ச்சிக்கு உவமை. பழம் குறைந்துகொண்டே வருகிறது. அது சார்ந்த நிகழ்ச்சிக்கு உவமை.

எழுத்துகள் காட்டும் வழி

பழத்திலிருந்து எழுத்துக்கு வருவோம். தமிழ் இலக்கணம் பயின்றவர்க்குச் 'சார்பு' என்பது புதிய சொல் அன்று. எழுத்துகளை முதலெழுத்து, சார்பெழுத்து என நம் முன்னோர் பகுத்தனர். தொல்காப்பியம் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என மூன்றைச் சார்பெழுத்தாகக் கூறும். நன்னூல் பத்தாக விரிக்கும். தனித்து நின்று இயல்பு பெறாமல், அருகிலுள்ள எழுத்தைச் சார்ந்தே தன் இயல்பைப் பெறுவது சார்பெழுத்து. சார்ந்த நிகழ்ச்சியும் அத்தகையதே. முன்னது இன்னது என்று தெரியாமல் அதன் தகவைச் சொல்ல இயலாது.

'பகு', 'பாகு' என்னும் இரு சொற்களை எடுத்துக்கொள்வோம். இரண்டின் இறுதியிலும் நிற்பது 'கு' என்னும் ஒரே எழுத்து. ஆயினும் 'பகு' என்பதில் உகரம் தன் ஒரு மாத்திரையை முழுமையாகப் பெறுகிறது. 'பாகு' என்பதில் அரை மாத்திரையாகக் குறைகிறது. எழுத்து மாறவில்லை, அதற்கு முன் நின்றது குறிலா நெடிலா என்பதே மாறியது. 'சார்பு' என்னும் சொல்லின் இறுதி உகரமும், முன்நிற்கும் இடையின மெய்யைச் சார்ந்து குறுகிய இடைத்தொடர்க் குற்றியலுகரமே. தன் பொருளுக்குத் தானே சான்றாக நிற்கும் சொல் இது!

அடுத்து மெய்ம்மயக்கம். தமிழெழுத்துகள் 247. ஒரு சொல்லின் நடுவில் அடுத்து வரும் எழுத்து எது என்று ஒருவரை ஊகிக்கச் சொன்னால், ஒன்றும் அறியாதவர்க்கு 247 வாய்ப்புகள். ஆனால் வந்து நின்றது 'க்' என்று தெரிந்துவிட்டால்? தமிழ்ச்சொல்லில் க், ச், த், ப் ஆகிய நான்கு மெய்களும் தம்மோடு தாமே மயங்கும், பிறவற்றோடு மயங்கா. ஆகவே அடுத்து வருவது க முதல் கௌ வரையிலான 12 எழுத்துகளுள் ஒன்றாகவே இருக்க வேண்டும். 'ககர வரிசை வரும்' என்பதன் தகவு 1 ஆகிவிட்டது. கணக்கர் இதனை உறுதி நிகழ்ச்சி என்பர். மாறாக, வந்து நின்றது 'ழ்' என்றால் அடுத்து மற்றொரு ழகரம் வருவதன் தகவு சுழியம். ரகரமும் ழகரமும் தம்மோடு தாம் மயங்குவதில்லை. இங்ஙனம் ஒன்று நிகழ்ந்தபின் மற்றொன்று நிகழ்வதற்குரிய தகவையே 'சார்நிலை நிகழ்தகவு' என்கிறோம். ஒரு மாணவர் 'பக்தி', 'பக்ரீத்' ஆகிய சொற்களைக் காட்டி என்னை மடக்க முயன்றதுண்டு. அவை பிறமொழியிலிருந்து வந்த விருந்தினர் என்றேன். விருந்தினர் மிகுந்தால் தகவும் மாறும் என்று இன்னொருவர் சொன்னார். அதுவும் உண்மையே. எந்தச் சொற்றொகுதியிலிருந்து எண்ணுகிறோம் என்பதும் ஒரு நிபந்தனைதான்.

இன்னொரு நுட்பத்தையும் எழுத்துகளே கற்பித்தன. ஆய்தத்துக்குப் பின் வல்லின உயிர்மெய் வந்தே தீரும்: எஃகு, அஃது, பஃறி. ஆனால் வல்லின எழுத்துக்கு முன் ஆய்தம் வருகிறதா என்று நோக்கினால், பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் அரிதாகவே காண்போம். 'ஆய்தம் வந்தபின் வல்லினம்' என்பது வேறு. 'வல்லினம் வருவதற்கு முன் ஆய்தம்' என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது கற்றவரிடத்தும் காணப்படும் மயக்கம். நோயுள்ளார் பலர்க்குக் காய்ச்சல் வரும் என்பதால் காய்ச்சல் உள்ளார் பலர்க்கும் அந்நோய் என்று அஞ்சுவதும், ஒரு குற்றம் செய்தார் சிலர் ஓரினத்தார் என்பதால் அவ்வினத்தார் பலரும் குற்றவாளிகள் என்று ஐயுறுவதும் இம்மயக்கத்தின் விளைவுகளே. இலக்கண வகுப்பில் இது ஒரு மதிப்பெண்ணோடு போகும். வீதியில் மனிதரின் மானத்தோடு போகும்.

எழுத்தை எண்ணிய அறிஞர்கள்

எழுத்தையும் தகவையும் இணைத்து நோக்குதல் என் புதுமை அன்று. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல் கிந்தி, மறைமொழியில் எழுதப்பட்ட மடல்களைப் படிப்பதற்கு, ஒரு மொழியில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்க்கும் முறையை விளக்கி நூல் எழுதினார். எழுத்துகள் சமமாக வருவதில்லை என்னும் உண்மையே அவர் கையிலிருந்த திறவுகோல்.

ஓர் எழுத்து தனக்கு முன்வந்த எழுத்தை எவ்வளவு சார்ந்துள்ளது என்று அளந்தவர் உருசியக் கணித அறிஞர் மார்க்கோவ். 1913ஆம் ஆண்டில் அவர், கவிஞர் புஷ்கின் இயற்றிய 'யெவ்கேனி ஒனேகின்' என்னும் செய்யுட் புதினத்தின் முதல் 20,000 எழுத்துகளை எடுத்துக்கொண்டு, உயிர் எது, மெய் எது என்று கையால் எண்ணினார். உயிர்கள் 8,638, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 43. எழுத்துகள் ஒன்றையொன்று சாராதவையாயின், ஓர் உயிருக்குப் பின் மற்றோர் உயிர் வருவதும் நூற்றுக்கு 43ஆக இருத்தல் வேண்டும். எண்ணிப் பார்த்தபோது அது நூற்றுக்கு 13க்கும் குறைவு. மெய்க்குப் பின் உயிர் வருவதோ நூற்றுக்கு 66. முன்னெழுத்து பின்னெழுத்தை ஆள்கிறது என்பது எண்ணால் நிறுவப்பட்டது. 'மார்க்கோவ் தொடர்' என்று இன்று உலகெங்கும் வழங்கும் கணிதக் கருவியை அவர் முதன்முதலில் ஒரு நூலின்மேல் பயன்படுத்திக் காட்டியது இவ்வாறே. கணினி நமக்கு அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கும் இந்நாளில், அதன் கொடிவழியில் ஒரு கவிதை நூல் இருப்பது மொழி மாணவர் பெருமை கொள்ளத்தக்க செய்தியன்றோ!

நம் நகரத்துக்கும் இதில் பங்குண்டு. அண்டவெளியிலிருந்து வரும் கதிர்த்துகள் ஒன்று காற்றில் மோதிப் பலவாகப் பெருகும். அப்பலவும் மேலும் பெருகும். ஒரு துகள் இங்கே இருப்பதற்கும் மற்றொன்று அங்கே இருப்பதற்கும் இடையிலுள்ள சார்பைக் கணிக்கும் முறையை 1950ஆம் ஆண்டளவில் வகுத்தவர்களுள் ஒருவர் அல்லாடி இராமகிருஷ்ணன். மயிலாப்பூரில் 'ஏகாம்ர நிவாஸ்' என்னும் தம் இல்லத்திலேயே அவர் இளைஞர்களைக் கூட்டி இயற்பியல் கருத்தரங்கு நடத்தி வந்தார். 1960இல் அறிஞர் நீல்சு போர் அங்கு வருகை தந்தார். அந்த வீட்டுக் கூடத்தில் முளைத்த முயற்சியே 1962இல் கணித அறிவியல் நிறுவனமாக மலர்ந்து, இன்று தரமணியில் விளங்குகிறது. சார்ந்த நிகழ்ச்சி என்பது எங்கோ உள்ள பொருளன்று. லஸ் முனைக்கு அருகில் பேசப்பட்ட பொருள்.

இருவகைப் பிழை

சார்பைப் பற்றி மனிதர் செய்யும் பிழைகள் இரு வகையின. சார்பு இல்லாதவிடத்துச் சார்பைக் கற்பித்தல் ஒன்று; சார்பு உள்ளவிடத்து அதனை மறத்தல் மற்றொன்று.

முதல் வகைக்குப் பெயர்பெற்ற சான்றும் மார்க்கோவ் எழுத்துகளை எண்ணிய அதே 1913ஆம் ஆண்டினது. ஆகஸ்டு 18ஆம் நாள் மான்டி கார்லோ நகரச் சூதாட்ட அரங்கில், சுழல்வட்டில் உருண்ட குண்டு தொடர்ந்து 26 முறை கறுப்புக் கட்டத்திலேயே விழுந்தது. இத்தனை முறை கறுப்பு வந்துவிட்டது, இனிச் சிவப்பு வந்தே தீரும் என்று எண்ணிச் சிவப்பின்மேல் பணம் கட்டியவர்கள் பெரும்பொருள் இழந்தனர். குண்டுக்கு நினைவு கிடையாது; முன் விழுந்த கட்டத்தை அது அறியாது. தமிழகத்தில் 2003ஆம் ஆண்டில் தடை செய்யப்படும் வரை பரிசுச்சீட்டு வாங்கியவர்களும், சென்ற வாரம் விழுந்த எண் இவ்வாரம் விழாது என்று கணக்குப் போட்டு எண் தேடியதுண்டு. எத்தனையோ குடும்பங்களின் நகைகள் அந்தப் பொய்க்கணக்கில் அடகுக்கடைக்குச் சென்றன.

இரண்டாம் வகைக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு சான்று. சாலி கிளார்க் என்னும் தாயின் இரு கைக்குழந்தைகள் 1996, 1998 ஆகிய ஆண்டுகளில் இறந்தன. கொலைக் குற்றம் சாட்டப்பட்டு அவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். இத்தகைய குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் புலப்படாமல் திடீரென இறப்பதன் தகவு 8,543இல் ஒன்று என்றும், இரு குழந்தைகள் இறப்பதற்கு அதனை அதனாலேயே பெருக்க ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சத்தில் ஒன்று என்றும் மருத்துவச் சாட்சி ஒருவர் கூறினார். 1999இல் ஆயுள்தண்டனை விதிக்கப்பட்டது. ஒரே வீடு, ஒரே தாய் தந்தையர், ஒரே குருதி. முதற் குழந்தையின் இறப்புக்கு ஏதுவான குறை ஏதேனும் இருந்தால் அது இரண்டாவது குழந்தைக்கும் இருக்கக்கூடும் அன்றோ? இவ்விரு நிகழ்ச்சிகளையும் சாரா நிகழ்ச்சிகளாகக் கொண்டு பெருக்கியதற்கு ஆதாரமில்லை என்று இங்கிலாந்தின் அரச புள்ளியியல் கழகம் 2001இல் அறிக்கை வெளியிட்டது. மறைக்கப்பட்டிருந்த மருத்துவச் சான்றும் வெளிவர, 2003இல் தீர்ப்பு நீக்கப்பட்டது. விடுதலை பெற்ற அத்தாய் 2007இல் காலமானார். பெருக்கற்குறி ஒன்று எத்துணை கனமானது என்பதை என் மாணவர்க்கு இந்தச் செய்தியைக் கொண்டே உணர்த்துகிறேன்.

அடையாறு கற்பித்த பாடம்

இவ்விரு வகைப் பிழைகளும் ஒருங்கே கூடிய நிகழ்ச்சியை நாம் நம் நகரத்திலேயே கண்டோம். 2015ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான மழை 1,049 மில்லிமீட்டர். 1918ஆம் ஆண்டுக்குப் பின் எந்த நவம்பரிலும் அவ்வளவு மழை பெய்ததில்லை. பின்னர் டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் வெளியேற்றப்பட்டது. அடையாறு கரை கடந்து சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம், அடையாறு எனக் கண்ட இடமெல்லாம் புகுந்தது. அச்சகத்துக்குப் பணியாளர் செல்ல இயலாமையால், 1878 முதல் வெளிவரும் ஓர் ஆங்கில நாளிதழே அந்த டிசம்பர் 2ஆம் நாள் சென்னையில் அச்சாகவில்லை.

சார்ந்த நிகழ்ச்சிகளை நடத்தும்போதெல்லாம் இவ்வெள்ளத்தை எடுத்துரைப்பது என் வழக்கம். ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். அவர் குடும்பம் சைதாப்பேட்டையில் ஆற்றங்கரையோரம் வாழ்ந்தது. வெள்ளத்துக்குப் பின் அக்கரையோரக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்குக் குடிபெயர்க்கப்பட்டன. அவருடையதும் அவற்றுள் ஒன்று. விடியுமுன் பேருந்தேறிக் கல்லூரிக்கு வருபவர்.

"ஐயா, இந்தக் கணக்கு எங்க ஆயாவுக்குத் தெரியும்" என்றார் அவர். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"அப்ப நான் மூணாவது படிச்சேன். நவம்பர் மாசமே தண்ணி எங்க வீட்டுப் படி வரைக்கும் வந்துட்டு வடிஞ்சிருச்சு. வர வேண்டியது வந்து போயிருச்சு, இனிமே இந்த வருஷம் வராதுன்னு தெருவே சொல்லுச்சு. ஆயா மட்டும், ஏரி எல்லாம் ரொம்பிருச்சு, மண்ணும் ஊறிப்போச்சு, இனிமே பெய்யிற தண்ணி ஒவ்வொரு சொட்டும் ஆத்துக்குத்தான் வரும்னு சொன்னாங்க. என் புத்தகம், குடும்ப அட்டை, அப்பாவோட பழைய சான்றிதழ் எல்லாத்தையும் பிளாஸ்டிக் பையில கட்டி, மேட்டுல இருந்த சொந்தக்காரங்க வீட்டுல கொண்டுபோய் வெச்சாங்க. தெருவுல எங்க வீட்டுக் காகிதம் மட்டுந்தான் மிஞ்சுச்சு, ஐயா."

வகுப்பில் அமைதி நிலவியது. எழுத்தறியாத அம்மூதாட்டி கண்ட உண்மையைக் கணக்கின் மொழியில் சொன்னால் இவ்வளவே: ஏரி காலியாக இருக்கும்போது ஒரு பெருமழைக்குப் பின் வெள்ளம் வருவதன் தகவு ஒன்று, ஏரி நிரம்பியிருக்கும்போது அதே மழைக்குப் பின் வெள்ளம் வருவதன் தகவு வேறொன்று. நவம்பர் வெள்ளம் வடிந்ததைக் கண்டு 'இனி வராது' என்று தேறிய தெருவினர், சூதாட்டக் குண்டுக்குரிய தவறான கணக்கை ஆற்றின்மேல் ஏற்றினர். சுழல்வட்டுக்கு நினைவில்லை, ஏரிக்கு நினைவு உண்டு. பெய்த மழையனைத்தையும் அது மறவாமல் வைத்திருக்கிறது.

நம் நீர்நிலைகளின் அமைப்பே சார்பினால் ஆனது. மேலேரி நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்தால் கீழேரிக்கு நீர் வரும். கீழேரி வழிந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. ஆதனூர், மண்ணிவாக்கம் எனத் தொடங்கும் ஏரிகளின் மிகைநீரும் செம்பரம்பாக்கத்தின் மிகைநீரும் ஒரே ஆற்றில்தான் வந்து விழுகின்றன. ஓர் ஏரி வழிவதற்கு 10இல் ஒன்று, மற்றோர் ஏரி வழிவதற்கு 10இல் ஒன்று, ஆகவே இரண்டும் ஒருங்கே வழிவதற்கு 100இல் ஒன்று என்று பெருக்குபவர், இரண்டுக்கும் மேலே நிற்பது ஒரே மேகம் என்பதை மறந்தவராவார். 2011இல் ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்திலும் இதுவே நேர்ந்தது. நிலநடுக்கத்தால் வெளிமின்சாரம் நின்றபோது மாற்றாக இயங்கிய டீசல் மின்னாக்கிகளுள் மிகப்பலவற்றை, அந்நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலையே மூழ்கடித்தது. ஒரே தீங்கு இரண்டையும் தாக்குமாயின், மாற்று என்பது பெயரளவில்தான்.

முன்நிகழ்ச்சி என்பது சென்ற வாரத்தினதாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தியாகராய நகர் இன்று நிற்குமிடத்தில் ஒருகாலத்தில் நீண்ட ஏரி ஒன்று இருந்தது. 1920களில் அதனை வற்றச்செய்து தூர்த்துத்தான் குடியிருப்பு அமைத்தனர். மேற்கு மாம்பலத்தில் ஏரியைக் காணமுடியாத சாலை ஒன்று இன்றும் ஏரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்கள் நாள்கணக்கில் நீரில் நின்றபோது, நூறாண்டுக்கு முன் நிகழ்ந்த ஒன்று தன் சார்பை நினைவூட்டியது என்றே கருதினேன்.

'நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்' என்னும் தொடரும் பலரை மயக்கிவிட்டது. 2015இல் வந்துவிட்டது, இனிப் பேரன் காலத்தில்தான் என்று பேசிக்கொண்டோர் பலர். அத்தொடரின் பொருள் அஃதன்று. எந்த ஓராண்டிலும் அத்தகு வெள்ளம் வருவதற்கு 100இல் ஒன்று தகவு என்பதே பொருள். ஆண்டுகள் ஒன்றையொன்று சாரவில்லை என்றே கொண்டாலும், ஒரு வீட்டில் 30 ஆண்டுகள் குடியிருப்பவர் அதனை ஒருமுறையேனும் காண்பதற்கு நூற்றுக்கு 26 தகவு உண்டு. ஏரிகள் சுருங்கி, சதுப்புநிலங்கள் கட்டடங்களாகி, வானிலையும் மாறிவரும் நிலையில் பழைய 100இல் ஒன்று அப்படியே நிற்கும் என்பதற்கும் உறுதியில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் மக்கள் படகில் மீட்கப்பட்டனர். எட்டாண்டுகளே கழிந்திருந்தன.

சார்பு தலைவிதி அன்று

இவ்வளவும் கேட்ட மாணவர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. முன்னது பின்னதை ஆள்கிறது என்றால், நம் வாழ்வும் முன்னரே முடிந்துவிட்டதா? படித்தவர் இல்லாத வீட்டில் பிறந்தவர் படித்து உயர்வது அரிது என்கிறார்களே, அதுவும் சார்நிலை நிகழ்தகவுதானா?

ஆம், அதுவும் சார்நிலை நிகழ்தகவுதான். அதனாலேயே அது தலைவிதி அன்று. தலைவிதிக்கு நிபந்தனை இல்லை. சார்நிலைத் தகவுக்கு உண்டு. நிபந்தனை மாறினால் தகவும் மாறும். 'பகு' என்பதன் குறிலை நெடிலாக்கினால் இறுதி உகரம் தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது. ஏரியைத் தூர்வாரி, நீர்வழியைத் திறந்துவைத்தால் அதே மழைக்கு ஆறு அடங்கி ஓடுகிறது. படிப்பு நுழையாத வீட்டுக்கு ஒரு புத்தகமும், மாலையில் ஒரு விளக்கும், கட்டணம் கட்ட ஒரு கையும் வந்து சேர்ந்தால், அவ்வீட்டுப் பிள்ளையைப் பற்றி முன்னர்ச் சொல்லப்பட்ட கணக்கு செல்லாக் கணக்காகிவிடுகிறது. நம்மைப் போன்ற கல்லூரிகளை நிறுவிய பெரியோர் நிகழ்தகவுச் சூத்திரம் கற்றவர் அல்லர்; ஆனால் நிபந்தனையை மாற்ற வேண்டும் என்பதை அறிந்தவர்கள். இன்று ஒரு மாணவரின் கட்டணத்தை ஏற்கும் அன்பர் அவர் ஒருவர்க்கு மட்டும் உதவவில்லை. அவர் தங்கைக்கும், அவர்க்குப் பின் பிறக்கும் பிள்ளைகளுக்கும் உரிய தகவை மாற்றுகிறார். நன்மையும் சார்ந்தே பெருகும்.

இறைவனின் நாட்டத்தை நம்புவதற்கும் இக்கணக்குக்கும் முரண் இல்லை. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன்மேல் பொறுப்பைச் சாட்டலாகாது என்று பெருமானார் (ஸல்) அறிவுறுத்திய செய்தியை அறியாதவர் நம் வீடுகளில் இல்லை. கயிறு கட்டுவது நம் பணி. நிபந்தனை நம் கையில். முடிவு அவனிடத்தில். காகிதங்களைப் பையில் கட்டி மேட்டு வீட்டுக்கு அனுப்பிய அந்த மூதாட்டியும் கயிற்றைத்தான் கட்டினார். அவர் காத்த சான்றிதழ்கள் கையில் இருந்தமையால் புதிய இடத்தில் பள்ளிச் சேர்க்கை தடைப்படவில்லை என்றும், அவ்வாண்டில் அத்தெருப் பிள்ளைகள் சிலர்க்குப் படிப்பு நின்றே போயிற்று என்றும் அம்மாணவர் பின்னர் என்னிடம் கூறினார்.

மாணவ நண்பர்களே, தேர்வுத்தாளில் இரு எண்களைப் பெருக்குமுன் ஒரு கணம் நில்லுங்கள், வாழ்க்கையிலும் அவ்வாறே. 'இது நிகழ்வதற்கு வாய்ப்பு இவ்வளவு' என்று எவர் கூறினாலும், நாளிதழ் எழுதினாலும், அரசு அறிவித்தாலும், உங்களைப் பற்றியே ஒருவர் கணித்துச் சொன்னாலும், பணிவோடு ஒரு வினாவை எழுப்புங்கள்: எது நிகழ்ந்தபின்? அவ்வினாவுக்கு விடை தேடுபவர் முன்நிகழ்ந்ததை மறக்கமாட்டார். அதற்கு அடிமையாகவும் மாட்டார். அத்தகையோர் பலர் இக்கல்லூரியிலிருந்து புறப்பட வல்ல இறைவன் அருள்புரிவானாக.